காலி பாக்கெட் எண்ணிய காலம்

புதிதாக அங்கன்வாடி மேற்பார்வையாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று போன மாதம் விழுப்புரத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், குழந்தைங்க வயசுக்கேத்த உயரம் இல்லாம போறத தடுக்கணும்னா எது வேலை செய்யும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். வருடக்கணக்கில் அங்கன்வாடிகளைச் சுற்றி வந்தவள் நான்.  "டீ ஆறிடும், போய்க் குடிங்க" என்று சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் சிரித்தீர்கள். திண்டிவனம் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் பதில் இருக்கிறதா என்று கேட்டால், எனக்கே சந்தேகம்தான்.

எடை போடுவது, நீளம் அளப்பது, செல்போன் ஆப்பில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஒரே ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் குழந்தை விஷயத்தில் நான் எப்படித் திரும்பத் திரும்பத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் சொல்கிறேன்.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். எனக்கு ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்த நேரம். அங்கே அங்கன்வாடிப் பணியாளர் செல்வி. ஊருக்கு அவள் பால்வாடி டீச்சர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட நீளம்.

சின்னக் குழந்தைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகிறது என்று அப்போது ஒரே புகார். நான் ஒரு சட்டம் போட்டேன். மேலிடம் சொன்னதல்ல, என் சொந்த மூளை. தின்று முடித்த காலி பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த பாக்கெட் கிடைக்கும். காலி பாக்கெட்டுகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

செல்வி அன்றைக்கே சொன்னாள். "காலி பாக்கெட்டு இன்னா மேடம், கீழ கொட்டினாகூட காலிதான்."

"அதிகம் பேசாத செல்வி" என்றேன்.

அந்த நோட்டில் முதல் இடம் மஞ்சுளா வீட்டுக்கு. மஞ்சுளா காலனியில் இருந்தாள். கரும்பு வெட்டும் வேலை. புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். பதினான்கு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, யாழினி. காலி பாக்கெட்டுகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவாள். இப்படி ஒரு தாயா என்று நான் மற்ற ஊர்களில் போய் அவளைப் புகழ்ந்து பேசுவேன்.

கடைசி இடம் கலா வீட்டுக்கு. ஊர்த் தெருவில் வீடு, சொந்த நிலம், இரண்டு மாடு. அவளுக்கும் யாழினி வயதிலேயே ஒரு பெண். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுத் தோட்டத்துப் பக்கமாகப் போனேன். கன்றுக்குட்டி ஓர் அலுமினியத் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. தட்டில் ஊறிய சத்துமாவு. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் நான் தெருவே கூடும்படி கத்தினேன்.

கலா பதறவில்லை. "எங்க புள்ள இத வாயில வைக்க மாட்டேங்குதும்மா. முட்டை துன்னுது, பாலு குடிக்குது, கேப்பைக் களி துன்னுது. காலி பாக்கெட்டு இல்லன்னா அடுத்தது தர மாட்டீங்கன்னு டீச்சர் சொல்லிச்சு. தெருவுல கொட்டறதுக்கு கன்னுக்குட்டியாவது துன்னட்டுமே" என்றாள்.

அவள் பாக்கெட்டை நிறுத்தினேன். அந்தப் பதிலில் இருந்த நியாயம் எனக்கு அப்போது காதில் விழவில்லை.

பொங்கல் முடிந்த சமயத்தில் சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. நன்றாக நடக்கும் ஒரு மையத்தையும் ஒரு வீட்டையும் காட்டச் சொன்னார்கள். வேறு யார் வீட்டைக் காட்டுவேன்? மஞ்சுளாவை அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிற்கச் சொல்லி, மடித்த பாக்கெட்டுகளை வாசலில் அடுக்கச் சொல்லி, குழுவை அழைத்துப் போனேன். வந்தவர்களில் ஓர் அம்மா பாக்கெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யாழினியைப் பலகையில் படுக்கவைத்து நீளம் பார்த்தார். சிவப்பு. வயதுக்கு வேண்டிய உயரத்துக்கு மிகவும் கீழே.

பலகையில் கோளாறு என்றேன். அப்படியானால் இன்னொரு குழந்தையை அளந்து பார்ப்போம் என்று வழியில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தார். அது கலா வீடு. அவள் பெண் அதே பலகையில் பச்சையில் வந்து நின்றாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு. மாவு தின்ற குழந்தை குட்டை, கன்றுக்குட்டிக்குக் கொடுத்த வீட்டுக் குழந்தை நெட்டை. குழு மையத்துக்குத் திரும்பியதும், அவர்கள் எதிரிலேயே மஞ்சுளாவைக் கூப்பிட்டுத் திட்டினேன். மாவை விற்றுவிட்டாயா, யாருக்குக் கொடுத்தாய் என்றெல்லாம் கேட்டேன். மஞ்சுளா அழவில்லை.

"பாக்கெட்டு கேட்டீங்க, குடுத்தேன். நான் இன்னா திருடியா வச்சிருக்கேன்? வந்து வூட்ட தேடிக்கோங்க" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

 குழுவினர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, நெருக்கடியில் முதலில் வாயில் வருவது பழி. யார் மீதாவது அதைப் போட்டுவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. அந்த லேசை நம்பாதீர்கள்.

அடுத்து, குழந்தைக்கு ஏதோ நோய் என்று முடிவு கட்டினேன். மஞ்சுளாவிடம் மன்னிப்புக் கேட்காமலேயே, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டேன். வந்தாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஒரு பெண் டாக்டர் குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார், ரத்தம் எடுத்தார், அன்றைக்கு மதியம் வரை எங்களை உட்காரவைத்தார்.

"நோய் எதுவும் இல்லைங்க. அடிக்கடி பேதியாகியிருக்கு, தண்ணியப் பாருங்க. சாப்பாட்ட எத்தனை தடவை, எந்த நேரத்துல, யாரு ஊட்டறாங்க?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் கேட்டார், மஞ்சுளாவிடம் அல்ல. எனக்குத் தெரியவில்லை. என் நோட்டில் பாக்கெட் கணக்கு இருந்தது, இந்த மூன்றுக்கும் விடை இல்லை. "ரெண்டு வயசுக்குள்ள விட்ட உயரத்த அப்புறம் புடிக்கறது ரொம்ப கஷ்டம். இன்னும் பத்து மாசம் இருக்கு. ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த டாக்டரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கரும்புக் காட்டுக்குப் போனேன். வெட்டும் ஆட்கள் விடியும் முன்பே டிராக்டரில் போய்விடுவார்கள். நான் போய்ச் சேரும்போது ஏழரை மணி. ஓரத்து வேப்பமரத்தில் பழைய புடவையில் ஏணை கட்டியிருந்தது. யாழினி அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு விழித்தாள், கொஞ்சம் அழுதாள், ஏணைத் துணியைச் சப்பினாள், திரும்பத் தூங்கிப்போனாள். பத்தரைக்கு டீ வந்தது. மஞ்சுளா கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, டீயில் நனைத்த பொறை ரொட்டி ஒன்றை ஊட்டினாள், பாட்டிலில் இருந்த போர்வெல் தண்ணீரைக் கொடுத்தாள், பத்து நிமிடத்தில் ஓடிவிட்டாள். சாயங்காலம் வரை இப்படித்தான்.

"மாவ எப்ப குடுக்கற?" என்று கேட்டேன்.

"காலைல நாலரைக்கு கிண்டுவேன். இது அப்ப தூங்கிக்கினு இருக்கும், வாயத் தொறக்காது. ரெண்டு வாய் போவும். மிச்சத்த நான் குடிச்சிட்டு வருவேன். வெறும் வயித்துல கத்தி புடிச்சா தல சுத்துதும்மா."

"இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"எத்தினி மணிக்கு குடுக்கறன்னு யாரும் கேக்கலயே" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூச்சமாக இருந்ததால் செருப்பில் மண் புகுந்துவிட்டது போல் குனிந்துகொண்டேன். மாவு எங்கும் போகவில்லை. பாக்கெட் பொய் சொல்லவில்லை. கலா வீட்டில் மாடு இருந்தது, மாடு இருந்ததால் அவள் வீட்டில் இருந்தாள், வீட்டில் இருந்ததால் அவள் பெண் பசித்தபோதெல்லாம் தின்றாள். மஞ்சுளாவின் பெண் பசித்திருந்த நேரமெல்லாம் வேப்பமரத்தடியில் போயிற்று. இவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அதுவும் முழு உண்மையா என்று பிறகு குழம்பினேன். அதற்கு வருகிறேன்.

இப்போது என்ன செய்வது? இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையை நம் மையத்தில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. மையம் திறப்பதும் வெயில் ஏறிய பிறகுதான். செல்வியிடம் போய், வெட்டு முடியும் வரை ஏழு மணிக்குத் திறந்து யாழினியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சம் ஊட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"முடியும். எழுதிக் குடுங்க மேடம்" என்றாள்.

"நான் சொன்னா போதாதா?"

"போதாது. ஏழு மணிக்கு கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னத்தான் கேக்கும். நீங்க திண்டிவனத்துல பல்லு வெளக்கிக்கினு இருப்பீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்குப் பயம். குழந்தை தவறி விழுந்தால், ஏதாவது தொண்டையில் சிக்கினால், விதியை மீறி எழுதிக் கொடுத்தவள் நான். ஓய்வூதியம் சிக்கலாகிவிடும். வீட்டில் கணவர், "போற காலத்துல உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரத்தில் யாழினி தினமும் வேப்பமரத்தடியில்தான் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மற்ற ஊர்களுக்குப் போய் எடைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் எழுதினேன். உயர அளவில் சிவப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும், என் பொறுப்பில், காலை ஏழு மணி முதல். மூன்றே வரி. தைரியத்தில் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் செல்வி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு எழுதினேன் என்பதுதான் சரி. ஒரு நகலை என் அதிகாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்றார். அது சம்மதமா எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஏழு மணிக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போவதால் மஞ்சுளா தினமும் தாமதமாகக் காட்டுக்குப் போனாள். மேஸ்திரி முணுமுணுத்தார், கூட வெட்டும் பெண்கள் முறைத்தார்கள். அவள் போனாள். செல்வி மாவை உருண்டை பிடித்தும், களியாகக் கிண்டியும், முட்டையை மசித்தும் யாழினியின் பின்னாலேயே நடந்து ஊட்டினாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கலா ஒரு தூக்கில் பால் கொண்டுவந்தாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். "அன்னிக்கு கன்னுக்குட்டிக்குப் போட்டேன்னு தெருவுல நின்னு கத்தினீங்களே, அந்த மாட்டுப் பாலுதான். அந்தக் கொழந்தைக்கு குடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தலாகவும் இருந்தது. அவள் பாலை ஊற்றும்போது தன் தூக்கு மையத்துப் பாத்திரத்தில் பட்டுவிடாமல் உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். காலனிக் குழந்தை குடிக்கும் பாத்திரம். அப்படியே தினமும் வந்தாள், தினமும் அப்படியே ஊற்றினாள். பாலுக்காக அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா, அந்த ஒரு சாண் இடைவெளிக்காகக் கோபப்பட வேண்டுமா? எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. செல்வியும் காலனிதான். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

மழை வருவதற்குள் யாழினிக்குச் சட்டை பற்றாமல் போயிற்று. நானும் செல்வியும் பூரித்துப்போனோம். ஆனால் அந்தச் சில மாதங்களில் இன்னும் என்னென்னவோ நடந்தது. காலனித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, புதுக் குழாய் போட்டார்கள், யாழினிக்குப் பேதி நின்றது. வெட்டு முடிந்து மஞ்சுளா சில வாரம் வீட்டில் இருந்தாள். புருஷன் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து மயிலத்திலேயே வேலை பார்த்தான், அதனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நாட்களிலும் அவள் விடியற்காலையில் ஓட வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் குழந்தையை வளர்த்தது எது? செல்வி ஊட்டியதா, கலா பாலா, குழாயா, புருஷன் வந்ததா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க என்று கேட்ட பெண்ணே, இதில் எதை நான் பிரித்துச் சொல்வேன்? பக்கத்து ஊரில் அதே மாதிரி ஏழு மணிக்குத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அங்கே இரண்டு வாரத்தில் நின்றுபோயிற்று. அந்த ஊர்ப் பணியாளரும் நல்லவள்தான். ஏன் நின்றது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தீபாவளி முடிந்த வாரம். மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. யாழினிக்கு இரண்டு வயது நிறைய சில நாட்கள் இருந்தன. அன்றைக்கு நீளம் பார்க்கும் நாள். மஞ்சுளா வேலைக்குப் போகாமல் குழந்தையைக் குளிப்பாட்டி, புதுக் கவுன் போட்டு, உச்சியில் இறுக்கமாக ஒரு கொண்டை போட்டு, கனகாம்பரம் வைத்துத் தூக்கி வந்தாள். பலகையில் படுக்கவைத்தோம். செல்வி தலையைப் பிடித்தாள், நான் முழங்காலை அழுத்திப் பாதத்தில் கட்டையைத் தள்ளினேன். அளவைப் படித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே வந்திருந்தாள், மயிரிழை அளவு.

"மஞ்சள்" என்றேன். மஞ்சுளா சிரித்தாள். அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பேனாவை எடுக்கும்போதுதான் கவனித்தேன். தலைக்கும் பலகையின் தலைமாட்டுக்கும் நடுவே அந்தக் கொண்டை இருந்தது. செல்வியும் பார்த்துவிட்டாள் என்பது அவள் விரல் நின்ற விதத்தில் தெரிந்தது.  

அந்தக் கணம் எனக்கு எழுதிவிடத்தான் ஆசை. ஒரு தாய் சிரிக்கிறாள், நான் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போகலாம், ஒரு கொண்டையில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் மஞ்சள் என்று எழுதினால் நாளையிலிருந்து யாழினி என் மூன்று வரிக்குள் வரமாட்டாள். சிவப்பில் இருக்கும் குழந்தைக்குத் தரும் கூடுதல் முட்டையும் நின்றுவிடும். மடித்த பாக்கெட்டுகளைப் பார்த்து மயங்கி இதே குழந்தையை ஒருமுறை நான் கைவிட்டிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்தேன். "கொண்டைய அவிழ்த்துட்டு இன்னொரு தரம் பாக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கோட்டுக்குக் கீழே.

"இவ்ளோ பண்ணியும் செவப்பா?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"ஆமாம் மஞ்சுளா. வளந்திருக்கா, நெறைய வளந்திருக்கா. அன்னிக்கு எவ்ளோ கீழ இருந்தா, இப்ப கோட்டத் தொடற மாதிரி வந்துட்டா. ஆனா இன்னும் கீழதான் இருக்கா. நான் பொய் எழுதினா இவளுக்குத்தான் நஷ்டம். அன்னிக்கு உன்ன எல்லார் எதிர்லயும் திட்டினது என் தப்பு. அதையும் சொல்லிடறேன்."

 மஞ்சுளா அவிழ்ந்த முடியைத் திரும்பக் கட்டினாள், பூவை எடுத்து வைத்தாள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். என்னோடு இனி பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் சிவப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் நின்று அவள் செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், திங்கக்கெழம திரும்ப வெட்டு ஆரம்பிக்குது. ஏழு மணி வேணாம். ஆறு மணிக்கே தொறப்பியா?"

செல்வி என் பக்கம் பார்க்கவே இல்லை.

"கொண்டாந்து வுடு" என்றாள்.